மரகதம் பிடித்துப் பார்த்த கைகள்

அத்தியாயம் 14

போன வாரம் நம் மரகதத்தைத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வாருங்கள் கண்ணுகளா, முதலில் அவளை எழுப்பிவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தீவில், டாலிகஞ்சில் ரவிக்கை தைக்கும் மரகதத்துக்கு ஒரே தங்கை, விசாலாட்சி. பால்வாடி டீச்சர். இருபத்தாறு வயது. அவளுடைய இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, 'சொக்கலிங்கம்' என்று பச்சை குத்தியிருக்கும்.

அந்தச் சொக்கலிங்கம் அவள் புருஷன் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் புருஷனாக வரவேண்டியவர். மரகதத்தின் குடும்பத்துப் பெண்கள் கட்டியவன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் கல்யாணத்துக்கு முன்பே கையில் எழுதிவிடுவது வழக்கம். அந்தச் சமயம் பச்சை குத்தும் ஒருத்தி ராமநாதபுரத்திலிருந்து தீவுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையைக் கொண்டுவரும் கப்பலிலேயே அவள் ஊர் திரும்ப வேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, கப்பல் வரும் அன்று காலையிலேயே அவசரமாகக் குத்தி முடித்தார்கள்.

கப்பல் வந்தது. உருளைக்கிழங்கு இறங்கியது, வெங்காயம் இறங்கியது, தபால் மூட்டை இறங்கியது. சொக்கலிங்கம் இறங்கவில்லை. குத்தியவள் ஏறிப் போய்விட்டாள். பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

அன்றைக்குத் தங்கையின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது மரகதம்தான். அதை அவள் மறக்கவில்லை.

இப்போது ராஜமாணிக்கம் என்று ஒருவர். இன்னொரு தீவில், ஹட் பே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்து விடுதிக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தவர், விசாலாட்சியைப் பார்த்துவிட்டுப் போய், முறைப்படி ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கப்பலில் பெண் பார்க்க வருகிறார். கையில் இருக்கும் பெயரை அவர் பார்க்கவில்லை. அன்று விசாலாட்சி முந்தானையைக் கைமேல் போட்டிருந்தாள்.

இன்று திங்கட்கிழமை. மணி காலை ஏழு.

"நான் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் மரகதத்தின் கணவர் பன்னீர்செல்வம். மரைன் ஹில்லில் துறைமுக ஆபீஸில் ஹெட் கிளார்க். எதையும் சொல்லிட்டு வந்த பிறகுதான் வீட்டில் சொல்வார். "மேளா மைதானத்துல மெட்ராஸ்காரர் ஒருத்தர் பேட்டரி மெஷின் வச்சுப் பச்சை குத்துறாரு. நாலு மணிக்கு நம்ம டைம். இருபது நிமிஷ வேலை. பேர் இருந்த இடமே தெரியாதாம்."

"யார் சொன்னா?"

"அவர்தான் சொன்னாரு."

"ஜவுளிக் கடைக்காரர் எந்தக் காலத்துல தன் துணி சாயம் போகும்னு சொல்லியிருக்காரு?" மரகதம் மெஷினை விட்டு எழுந்தாள். "அரை மீட்டர் வாயில் துணி எடுக்கப் போனாலே உள்பக்கம் திருப்பிப் பாப்பேன் நான். இது என் தங்கச்சி கை. வேலையைப் பாக்காம நீட்ட மாட்டா."

"பச்சையை எப்படி உள்பக்கம் திருப்புவ?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

விசாலாட்சி காபித் தம்ளரை அத்தான் கையில் கொடுத்தாள். "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கே அத்தான். பாத்துட்டு வந்துடறோம். பால்வாடிக்கு இன்னைக்கு லீவு."

"பாருங்க, பாருங்க. நாலு மணிக்கு அங்க இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேளா மைதானத்தில் கடைகள் அப்போதுதான் படுதாவைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஹெட் கிளார்க் வீட்டுக்காரர்கள் என்றதும் மெஷின்காரர் தன் மாதிரிப் பலகையைத் துடைத்து வைத்தார். மயில், தேள், அனுமார், நங்கூரம், இதயத்தில் தைத்த அம்பு. எல்லாம் வர்ணத்தில் அழகாகத்தான் இருந்தன.

"பலகை நல்லா இருக்கு" என்றாள் மரகதம். "நீங்க குத்தின கையைக் காட்டுங்க."

அவர் தன் உதவியாளரின் கையைக் காட்டினார். முந்தின நாள் குத்திய தேள், எண்ணெய் பூசிப் பளபளத்தது.

"இது நேத்து குத்தினது. ஒரு வருஷம் ஆன கை வேணும்."

"நான் ஊர் ஊராப் போறவன்மா. குத்திக்கிட்டவங்க என் பின்னாலயே வருவாங்களா?"

"சரி. இதைப் பாருங்க." தங்கையின் கையை நீட்டச் சொன்னாள். "இதை என்ன செய்வீங்க?"

அவர் தொட்டும் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "கறுப்பு ரோஜா போட்டு மூடிடலாம். ரெண்டு நாள்ல ஆறிடும்."

"உங்க கையால கெட்டுப்போன வேலை எதுவும் உண்டா?"

"சேச்சே! இருபது வருஷத்துல ஒண்ணுகூடக் கிடையாது" என்றார் அவர், பெருமையாக. பேசிக்கொண்டே ஊசி முனையை ஒரு துணியில் துடைத்தார். அந்தத் துணி எப்போதோ வெள்ளையாக இருந்திருக்கும். "ஹெட் கிளார்க் சார் ஆபீஸ்லயே ஒருத்தருக்குப் பத்து நாள் முந்தி குத்தியிருக்கேன். போய்க் கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன்" என்றாள் மரகதம்.

விசாலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இப்ப மரைன் ஹில் ஏறப் போறியா?"

"பத்து நாள் ஆன கை ஒண்ணு அங்க இருக்குல்ல? ஏறித்தான் ஆகணும்."

ஏறினார்கள். கீழே துறைமுகத்தில் ஹட் பே கப்பல் நின்றுகொண்டிருந்தது. அது காலையில் வந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பும், மறுபடி வருவது வெள்ளிக்கிழமை. மரகதம் அதைப் பார்க்காத மாதிரி நடந்தாள்.

ஆபீஸில் அந்த ஆள் யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வியர்த்துக் கொட்டும் அந்த வெக்கையில் ஒரே ஒருவர்தான் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டிருந்தார். கிருஷ்ணமூர்த்தி, தபால் பிரிவு.

"தம்பி, கையைக் காட்டுங்க."

"எதுக்குக்கா?"

"காட்டுங்கன்னா."

கிருஷ்ணமூர்த்தி பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். பன்னீர்செல்வம் ஃபைலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கிருஷ்ணமூர்த்தி பொத்தானைக் கழற்றினார்.

கை முழங்கைவரை சிவந்து வீங்கியிருந்தது. ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. நடுவில் ஏதோ ஒன்று, கோடு கலைந்து, மை பரவி, குண்டாக நின்றது.

"இது என்ன தம்பி? அகப்பையா?"

"வேல்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. அழுதுவிடுவார் போலிருந்தது. "முருகன் வேல்தாங்க்கா போடச் சொன்னேன்."

பக்கத்து மேஜையில் யாரோ இருமி இருமிச் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி போட்டுக்குங்க" என்று அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத்தான் மறு பேச்சுப் பேசினாள்.

"அது அவன் உடம்பு வாகு" என்றார் பன்னீர்செல்வம் மெதுவாக.

"தையல் பிரிஞ்சா துணி சரியில்லைன்னு சொல்ற டெய்லரும் இருக்காங்க. அவங்ககிட்ட நான் துணி கொடுக்கறதில்ல."

"அப்போ என்ன பண்ணப் போற? வெள்ளிக்கிழமை வந்துருமே!"

"ஊர்ல இத்தனை கை இருக்கு. நல்லதா ஒண்ணைக் கண்டுபிடிச்சு, யார் குத்தினதுன்னு கேக்கப் போறேன்."

நம் மரகதத்துக்கு இப்படித்தான். ஒரு ரவிக்கை நன்றாக இருந்தால், போட்டிருப்பவளை நடுரோட்டில் நிறுத்தி முதுகைத் திருப்பச் சொல்லிவிடுவாள். அன்று ஊர்ப் பெண்களுக்கு முதுகு தப்பியது, கை மாட்டியது.

அபர்தீன் பஜாரில் அவள் பிடித்த கைகளுக்குக் கணக்கே இல்லை. மீன் விற்பவள், பாய் முடைபவள், ரேஷன் வரிசையில் நின்றவர்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சி, எல்லாக் கையும் பார்த்தாள். "தீதி, ஹாத் திகாவ்" என்பாள், அக்கா கையைக் காட்டு என்று. நம் தீவில் அது போதும், யாரும் கையை நீட்டிவிடுவார்கள். சிலர் ரேகை பார்க்கிறாள் என்று நினைத்து உள்ளங்கையை விரித்தார்கள். ஒருத்தி, "எனக்கு மறுபடி ஆம்பிளைப் பிள்ளையா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

பத்துப் பதினைந்து கை பார்த்ததும் மரகதத்துக்கே ஒரு பிடி கிடைத்தது. கோடு ஆரம்பிக்கும் இடத்தை யாரும் நன்றாகத்தான் போடுகிறார்கள். திரும்பும் இடத்தில்தான் கை தெரிகிறது. தேளின் வால் வளையும் இடத்தில், கோலத்தின் சுழியில், கோடு தடித்ததா, மெலிந்ததா, தடுமாறியதா? ரவிக்கைக் கழுத்தை வளைத்துத் தைக்கும்போதும் அப்படித்தானே! பழைய பச்சையில் கோட்டின் ஓரம் பஞ்சு மாதிரி விரிந்திருந்தால் ஊசி ஆழமாகப் போயிருக்கிறது. அங்கங்கே மங்கி விட்டுவிட்டுத் தெரிந்தால் ஊசி மேலோடு நின்றிருக்கிறது.

ஒரு தெலுங்குக்காரி நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாதிரி மூன்று வரிசைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கடுகு அளந்து வைத்த மாதிரி ஒரே அளவு.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"என் ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்போ. ஒன்பது வருஷம்."

மரகதம் என்ன நினைத்தாளோ, கண்ணை மூடிக்கொண்டு அந்த மணிக்கட்டை விரலால் தடவினாள். ஒன்றுமே தட்டுப்படவில்லை. வெறும் தோல். கண்ணைத் திறந்தாள், மூன்று வரிசையும் இருந்தன.

"விசாலு! இங்க வா, கண்ணை மூடிட்டுத் தொட்டுப் பாரு. இதுதான்டி உள்பக்கம்! நல்ல பச்சை கண்ணுக்குத் தெரியணும், கைக்குத் தெரியக் கூடாது."

விசாலாட்சி தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையைத் தானே தடவிக்கொண்டாள்.

"என்னோடதைக் கண்ணை மூடினாலும் படிக்க முடியுதுக்கா" என்றாள்.

மரகதம் நண்டுக்காரியிடம் திரும்பினாள். "யார் குத்தினது?"

"புத்னி. ராஞ்சிக்காரங்க லைன்ல குடியிருக்கா."

இன்னும் இரண்டு நல்ல கைகள் கிடைத்தன. ஒன்று ரேஷன் வரிசையில் நின்ற ஒரு மலையாளத்து அம்மாளுடையது, இன்னொன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுடையது. அவர்களும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். மூன்று ஜாதி, மூன்று பாஷை, ஒரே கை.

"வா, போகலாம்" என்றாள் மரகதம்.

புத்னியை ஊருக்கு வெளியே மரக் கிடங்கில் பிடித்தார்கள். பகலில் அங்கே கட்டை அடுக்கும் வேலை. மத்தியான ஓய்வில், அறுத்த மரத்தின் மேல் உட்கார்ந்து கருவாட்டோடு சோறு தின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். திடமான தோள். அவள் பேசியது தீவு ஹிந்தி. நமக்காகத் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

"உட்காருங்க. பச்சை குத்திக்கத்தானே வந்தீங்க? சாப்பிட்டுட்டுப் பேசலாம். நீங்க சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள் விசாலாட்சி.

"அப்போ ஊசி வைக்க முடியாது. வெறும் வயித்துல வச்சா மயக்கம் வரும்." தன் தட்டிலிருந்து ஒரு பங்கு சோற்றை இலையில் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினாள். "தின்னு."

விசாலாட்சி தின்றாள். மரகதம் அதையும் மனசில் குறித்துக்கொண்டாள். காலையிலிருந்து அந்தக் கையைக் காட்டியிருக்கிறார்கள், அந்தக் கைக்காரி சாப்பிட்டாளா என்று கேட்டது இவள்தான்.

கை கழுவிவிட்டு வந்து புத்னி விசாலாட்சியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் பார்த்தாள். பிறகு தோலை இழுத்துப் பார்த்தாள். பிறகு, மரகதம் பஜாரில் செய்த மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரோ நல்ல கைக்காரிதான்" என்றாள் புத்னி.

"நல்ல கைக்காரியா? இதுவா?"

"இந்தப் பக்கம் பாருங்க. ஆரம்பம் நிதானமா இருக்கு, கோடு சன்னமா ஓடுது. பாதிக்கு மேல என்னமோ ஆயிருச்சு. அமுக்கி அமுக்கிப் போயிருக்கா. ஊசி சதைக்குள்ள இறங்கியிருக்கு. அதான் தழும்பு. நடுவுல அவளுக்கு என்ன அவசரம்?"

நாலு வருஷமாக மரகதம் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று அது.

"பாதிப் பேர் எழுதறப்போ கப்பல் சங்கு ஊதிச்சு" என்றாள். "சீக்கிரம் முடி, மாப்பிள்ளை இறங்கிடுவாருன்னு சொன்னது நான்தான்."

விசாலாட்சி, "எனக்கும் அவசரமாத்தான் இருந்துச்சுக்கா. நீ மட்டும் இல்ல" என்றாள்.

மரகதம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். தொழில்காரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "உங்க கையால கெட்டுப்போன வேலை எது?"

புத்னி சற்றும் யோசிக்காமல் புடவையைக் கொஞ்சம் தூக்கி இடது கணுக்காலைக் காட்டினாள். அங்கே கோணல் மாணலாக ஒரு பூ. "முதல் வேலை. ஊரார் காலைக் கெடுக்கக் கூடாதுன்னு என் கால்லயே போட்டுக்கிட்டேன். இன்னும் ரெண்டு இருக்கு, என் வீட்டுக்காரன் முதுகுல. அவன் சட்டையைக் கழற்ற மாட்டான்."

மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் முதல்ல கெடுத்த ரவிக்கையை நானேதான் ரெண்டு வருஷம் போட்டுக்கிட்டேன்!"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

மரகதம் பையிலிருந்து புது ஊசிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். புத்னி பத்து ஊசியையும் ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் இழுத்துப் பார்த்தாள். இரண்டை ஒதுக்கினாள். மரகதம் அந்த இரண்டையும் வாங்கித் தன் நகத்தில் இழுத்தாள். பொடியாகக் கீறியது. முனையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி. இருபது வருஷமாக ஊசி பிடிக்கும் அவளுக்கே இது தெரியாது.

"இந்தப் பேரை மூடறது எப்படி?" என்று கேட்டாள். "கறுப்பு ரோஜா போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு."

"கறுப்பு வச்சு மூடினா, அடியில என்னன்னு எல்லாரும் கேப்பாங்க. மூடக் கூடாது. இதையே வேற ஒண்ணா வளர்க்கணும்."

கீழே கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்தாள். தடித்த எழுத்தெல்லாம் கொடியின் தண்டு ஆயிற்று. வளைந்த எழுத்தெல்லாம் இலை ஆயிற்று. தழும்பு ஏறிய இடத்தில் ஒரு மொட்டு வந்து உட்கார்ந்தது. விசாலாட்சி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அது அவளுடைய கையாக இருந்தது.

புத்னி ஈரத்துணியால் ஒரே துடைப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். பெயர் மறுபடி வந்து நின்றது.

"ஐயோ, ஏன் அழிச்சீங்க?"

"கரிதானே, குளிச்சா தானே போயிடும். நிஜமா வரணும்னா ரெண்டு மாசம் ஆகும். இன்னைக்கு முழங்கை ஓரம் மூணு புள்ளி வைக்கிறேன். உன் தோலுக்கு என் மை ஒத்துக்குதான்னு பதினஞ்சு நாள் பாக்கணும். ஒத்துக்கிட்டா ஒரு பாதி. அது ஆறி, தோல் உரிஞ்சப்புறம் மறு பாதி."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்க முடியாதா?" மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹட் பே கப்பல்ல ஒருத்தர் வர்றாரு. இவளைப் பாக்க."

"அன்னைக்கும் கப்பல், இன்னைக்கும் கப்பலா?" புத்னி சிரித்தாள். ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "தோல் கப்பலைப் பாத்து ஆறாது தீதி. வேற யாராவது இன்னைக்கே போட்டாலும் வெள்ளிக்கிழமை அது புண்ணாத்தான் இருக்கும். வர்றவருக்குப் புண்ணைக் காட்டப் போறீங்களா, பேரைக் காட்டப் போறீங்களா? அது உங்க இஷ்டம். நான் அவசரத்துக்கு ஊசி எடுக்க மாட்டேன்."

அவள் புது ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, நூலால் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரி மையில் தொட்டு, மூன்று புள்ளி வைத்தாள். விசாலாட்சி முகம் சுளிக்கவில்லை. மேலே மஞ்சளும் கடுகெண்ணெயும் பூசிவிட்டு, "சிவந்தா உடனே வந்து காட்டணும், மழையா இருந்தாலும்" என்றாள் புத்னி. கிடங்கில் மணி அடித்தது. கட்டை அடுக்கப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நடந்துவரும்போது மரகதம் யோசித்தாள். நல்ல கையைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் கண்டுபிடித்த நல்ல கைதான், வெள்ளிக்கிழமை அந்தப் பெயர் அங்கேயே இருக்கும் என்று சொல்கிறது. நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரு வரன். இதுவும் போய்விட்டால்?

"மெஷின்காரரையே கேட்டு, சின்னதா ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாங்க்கா."

"விசாலு, ராஜமாணிக்கம் நல்ல மனுஷர்டி."

"நல்ல மனுஷர்னா நல்ல வேலை ஆற வரைக்கும் பொறுப்பாரு. அவருக்கு எழுதிடறேன். சாயங்காலக் கப்பல்ல போகட்டும். தெரிஞ்சுக்கிட்டு ஏறணும்னா வெள்ளிக்கிழமை ஏறட்டும்."

மூன்று மணிக்குப் பன்னீர்செல்வம் அவசரமாக வந்தார். "கிளம்புங்க, கிளம்புங்க. மெஷின்காரர் காத்துக்கிட்டு இருப்பாரு."

"அவர் மயிலுக்கு மூக்கு வரைஞ்சுக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் மரகதம். "நீங்க இந்தக் கடுதாசியைக் கப்பல்ல சேர்க்கணும்."

அவர் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

'ஐயா, என் இடது கையில் வேறொருவர் பெயர் குத்தியிருக்கிறது. நிச்சயமாகி வராமல் போனவர். அதை மாற்ற இரண்டு மாதம் ஆகும் என்று தொழில் தெரிந்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அவசரமாக மூடி உங்கள் முன்னால் உட்கார எனக்குச் சம்மதமில்லை. இப்படியே பார்க்க உங்களுக்குச் சம்மதமானால் வாருங்கள். விசாலாட்சி.'

"இது என்ன, வர்றவரை வராதேன்னு சொல்ற மாதிரி? பொம்பளைப் பிள்ளை இப்படியா எழுதும்?"

"நடந்ததைத்தானே அத்தான் எழுதியிருக்கேன்."

"அவர் வரலைன்னா?"

"ஹட் பேயிலயே இருந்துக்குவாரு" என்றாள் விசாலாட்சி. "நாம கப்பல் ஜெட்டியில நின்னு வெங்காய மூட்டையை எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல."

பன்னீர்செல்வமும்தான் அன்று ஜெட்டியில் மாலையோடு நின்றவர். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்து, கசங்காதபடி இரண்டு ஆபீஸ் காகிதத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டார். "கிருஷ்ணமூர்த்திக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. ரெண்டு நாள் லீவு" என்று மட்டும் சொன்னார். தோற்றுப்போனதை அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஐந்து மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது டாலிகஞ்சு வரை கேட்டது. அக்காவும் தங்கையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் தீவில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மரகதம் விளக்கின் திரியைத் தூண்டும்போது பன்னீர்செல்வம் வாசலில் வந்து நின்றார். குடையை மறந்துவிட்டு வந்திருந்தார்.

"கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு. கப்பல் ஓட்டற சாரங்கு கையிலயே கொடுத்தேன். கயித்தை அவுத்துட்டாங்க, கப்பல் நகந்துருச்சு. அப்புறம்தான் அந்த ஆள் கவர்மேல இருந்த பேரைப் படிச்சுட்டு மேலேயிருந்து கத்தறான். 'ராஜமாணிக்கம் சாருக்கா? அவர் காலையில இதே கப்பல்லதானே வந்து இறங்கினாரு!' அப்படீங்கறான்."

மரகதம் திரியை விட்டுவிட்டாள். "என்னங்க சொல்றீங்க?"

"தோட்டத்துக்கு ஏதோ மெஷின் பாகம் வாங்க அனுப்பியிருக்காங்க. கடுதாசி ஹட் பேக்குப் போயிட்டு இருக்கு, ஆளு இங்க இருக்காரு. ஜெட்டி வாசல்ல நேருக்கு நேராப் பாத்துட்டேன் மரகதம். 'வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வந்துடறேனே'ன்னு சிரிக்கிறாரு. நான் என்னத்தைச் சொல்றது? சரின்னுட்டேன்."

மரகதம் எழுந்தாள். யோசிக்கவேயில்லை. அலமாரியைத் திறந்து நீல வாயில் துணியை உதறினாள். கத்தரிக்கோலைத் தேடினாள். "மணிக்கட்டு வரைக்கும் கை வச்சு ஒரு ரவிக்கை. ரெண்டு மணி நேரத்துல தச்சுடுவேன். கடுதாசி அவருக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்..."

கத்தரிக்கோல் விசாலாட்சியின் மடியில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

"வேணாங்க்கா. எப்பவும் போடறதே போதும். அரைக்கை."

"விசாலு, கடுதாசியை அவர் படிக்கலைடி!"

"அதனால என்ன?" அவள் விளக்கடியில் கையை நீட்டி, முழங்கை ஓரத்து மூன்று புள்ளிகளைப் பார்த்தாள். சிவக்கவில்லை. "பேரை அவரே படிச்சுக்குவாரு. மிச்சத்தை நான் வாயால சொல்றேன்."